உவமைகளுக்கு மெட்டுப் போடுங்கள்: தமிழ்ச் சபைகளின் பாட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத் தெரிவு செய்கிறவர்கள், கீபோர்டில் புது மெட்டுத் தேடுகிறவர்கள், புத்தாண்டு தவறாமல் வாக்குத்தத்தப் பாடல் வெளியிடுகிறவர்கள், கன்வென்ஷன் மேடையில் நின்று ஒரு மைதானத்தையே பாட வைக்கிறவர்கள் என உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் பாடகர் குழுவில் டெனர் வரிசையில் நிற்கிறவன். நீங்கள் எழுதிக் கொடுப்பதைப் பாடுகிறவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: இயேசு சொன்ன கதைகளை நாம் ஏன் பாடுவதில்லை?

அவர் பிறந்ததைப் பாடுகிறோம். டிசம்பர் வந்தால் மேய்ப்பர், சாஸ்திரிகள், முன்னணை, நட்சத்திரம் என்று கதையில் ஒரு துணுக்கும் விடாமல் வீடுவீடாகக் கேரல் போகிறோம். அவர் மரித்ததையும் பாடுகிறோம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கெத்செமனே முதல் கொல்கொதா வரை, பெரிய வெள்ளியில் ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனிப் பாட்டு. நடுவில்? விசுவாசப் பிரமாணம் 'கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்' என்றதும் அடுத்த மூச்சில் பொந்தியு பிலாத்துவிடம் போய்விடுகிறது. அது அறிக்கை, சுருக்கம்தான் அதன் வேலை. பாட்டுக்கு என்ன அவசரம்? தொழுவத்துக்கும் சிலுவைக்கும் நடுவே அந்த மனிதர் வாய் திறந்து பேசியிருக்கிறார். பேசியதில் பெரும்பகுதி கதை. 'உவமைகளினாலேயன்றி அவர்களோடே பேசவில்லை' என்று மாற்குவும் மத்தேயுவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் பாடுகிறோமே என்பீர்கள். உண்மைதான். கன்மலைமேல் வீடு கட்டியவன், காணாமற்போன ஆடு, விதைக்கிறவன் எல்லாம் கை அசைத்து, கால் தட்டிப் பாடும் பாட்டுகளாக அங்கே இருக்கின்றன. விடுமுறை வேதப் பள்ளியான வி.பி.எஸ். முடிந்து பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போனதும் உவமைகள் அவர்களை விட்டுப் போய்விடுகின்றன. பெரியவர்களுக்கு என்று நாம் வைத்திருப்பது வேறு வகை: 'நான்' தொடங்கி 'நீர்' என்று முடியும் நான்கு வரி, அதே நான்கு வரி இன்னொரு முறை, ஒரு பிரிட்ஜ், சுருதியை அரைக் கட்டை ஏற்றி மறுபடி அதே நான்கு வரி. அந்தப் பாட்டுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக் கட்டில் அருகே அவை செய்கிற வேலையைக் கதைப்பாட்டு செய்யாது. ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் சபை ஒரே உணர்ச்சிக்குப் பழகிவிடும். அதுதான் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

உவமை பிரசங்கத்துக்குரியது, பாட்டு துதிக்குரியது என்று யார் பிரித்தார்களோ தெரியாது. வேதத்தில் அந்தப் பிரிவினை இல்லை. 'என் வாயை உவமைகளால் திறப்பேன்' என்ற வசனம் எங்கே இருக்கிறது? 78ஆம் சங்கீதத்தில், ஆசாபின் பாட்டில். இயேசு உவமைகளால் பேசியதற்குச் சாட்சியாக மத்தேயு எடுத்துக்காட்டுவதே ஒரு பாட்டின் வரியைத்தான். ஏசாயா 5ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படை. 'என் நேசருக்கேற்ற ஒரு பாட்டைப் பாடுவேன்' என்று தீர்க்கதரிசி தொடங்குகிறார். வேலி அடைத்தது, கல் பொறுக்கியது, நற்குலச் செடி நட்டது, ஆலை போட்டது என்று தோட்டத்துக் கதை கேட்கக் கேட்க இனிமையாகப் போகிறது. கடைசியில் காய்த்தது கசப்புப் பழம். கேட்டவர்கள் தலையாட்டும் நேரத்தில் அந்தத் தோட்டம் நீங்கள்தான் என்று பாட்டு அவர்கள் பக்கம் திரும்புகிறது: 'நியாயத்துக்குக் காத்திருந்தார், இதோ, கொடுமை, நீதிக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு.' எருசலேமில் இயேசு சொன்ன கொடிய தோட்டக்காரர் உவமை இந்தப் பாட்டின் வேலியையும் ஆலையையும் அப்படியே எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

இனி உங்கள் தொழில் சம்பந்தமான விஷயத்துக்கு வருகிறேன். இயேசுவின் உவமைகளைப் பாட்டுக் கட்டுகிறவன் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். பல்லவி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

லூக்கா 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டைக் கண்டுபிடித்தவன் அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு 'என்னோடுகூடச் சந்தோஷப்படுங்கள்' என்கிறான். வெள்ளிக்காசைக் கண்டுபிடித்தவளும் அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய இளைய மகனின் மூன்றாவது கதையில் தகப்பன் 'மரித்தான், திரும்பவும் உயிர்த்தான். காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்' என்று ஒருமுறை வேலைக்காரர்களிடம் சொல்கிறார், இன்னொரு முறை மூத்த மகனிடம் சொல்கிறார். முதல் முறை அது கொண்டாட்டம். இரண்டாம் முறை அதே வரி மன்றாட்டு. தாளம் மாறாமல் பொருள் மட்டும் மாறுகிற பல்லவி எந்த மெட்டமைப்பாளனுக்கும் லேசில் கிடைக்காது. இங்கே சும்மா கிடக்கிறது.

அதே கதையில் இன்னொன்று. பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து இளைய மகன் மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்க்கிறான். பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவம் செய்தேன். இனி உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல. கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். மூன்று வரி. வீட்டு வாசலில் தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்ட பிறகு அதே பேச்சைத் தொடங்குகிறான். முதல் வரி வருகிறது, இரண்டாவது வருகிறது. மூன்றாவது வரவில்லை. 21ஆம் வசனத்தில் அவன் பேச்சு அதோடு நிற்க, 22ஆம் வசனத்தில் தகப்பன் வேலைக்காரர்களைப் பார்த்து உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்கிறார். பேசி முடிக்க அவனுக்கு இடமே கொடுக்கவில்லை. இதைப் பிரசங்கத்தில் விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். பாட்டில் ஒரு நொடி போதும். சபை முதல் சரணத்தில் மூன்று வரியும் பாடியிருக்கிறது. கடைசிச் சரணத்தில் மூன்றாவது வரிக்கு வாய் திறக்கும்போது சோலோக் குரல் தகப்பனாக மேலே ஏறிவிடுகிறது. பாடுகிறவன் வாயிலேயே அந்த வரி நின்றுபோகும்.

மத்தேயு 18. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் காலில் விழுந்து சொல்கிறான்: 'என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்.' மன்னிக்கப்பட்டு வெளியே வருகிறான். நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த வேலைக்காரன் காலில் விழுந்து சொல்வதும் அதே வாக்கியம். கணக்கையும் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலியை மன்னித்து வாங்கிக்கொண்டவன் நூறு நாள் கூலிக்குக் கழுத்தை நெரிக்கிறான். ஒரே பல்லவியை முதலில் ஆண்களும் பிறகு பெண்களும் பாடட்டும். அந்த வாக்கியத்தைத் தான் கேட்டும் கேட்காமல் போனவன் யார் என்று தனியாக யாரும் விளக்க வேண்டியிருக்காது.

திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையில் எஜமான் ஐந்து முறை வெளியே போகிறார். அதிகாலை, மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி. ஐந்து சரணம் தயார். பதினோராம் மணிக்கும் தெருவில் நிற்கிறவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.' சோம்பேறி என்று நாம் முடிவுகட்டிவிட்ட ஆளின் வாயில் இயேசு வைத்த பதில் அது. மாலையில் எல்லாருக்கும் ஒரே பணம் கிடைக்கிறபோது, பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்தவர்கள் முறுமுறுக்கிறார்களே, அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதுபோல் படுகிறதல்லவா? படட்டும். பாட்டை அங்கேயே நிறுத்துங்கள். மத்தேயு 25இல் ஆடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் காட்சி நான்கு சுற்று ஓடுகிறது, பசி, தாகம், அந்நியன், வஸ்திரம், வியாதி, காவல் என்று அதே வரிசையில். அதற்கு மெட்டுக்கூடப் பெரிதாக வேண்டாம். கும்மித் தாளம் போதும்.

இதெல்லாம் புதிதும் அல்ல. ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் இருந்த சிரியாக்காரர் ரோமானோஸ், கெட்ட குமாரனையும் பத்துக் கன்னியரையும் நீண்ட பாட்டுப் பிரசங்கங்களாகக் கட்டினார். ஒவ்வொரு கண்ணியும் ஒரே ஈற்றடியில் வந்து விழும். அதே கன்னியர் கதையை வைத்து ஜெர்மானிய போதகர் பிலிப் நிக்கோலாய் எழுதி 1599இல் அச்சேறிய ஞானப்பாட்டின்மேல் 1731இல் இசையமைப்பாளர் பாக், பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்த ஒரு கான்டாட்டாவே கட்டினார். அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் விளக்கில் எண்ணெய் வைத்துக் காத்திருப்பதையும், ஐசுவரியவானின் வாசலில் கிடந்த ஏழை லாசரு ஆபிரகாமின் மடியில் சாய்ந்ததையும் பாடினார்கள். எஜமான் காதில் அது பக்திப்பாட்டு. பாடினவர்களுக்கு அதில் ஐசுவரியவான் யார் என்று தெரியும். 1874இல் எடின்பரோவில் அமெரிக்கச் சுவிசேஷகர் மூடியின் கூட்டத்தில் அவருடைய பாடகர் சாங்கி பாடியதும் காணாமற்போன ஆட்டின் கதைதான். ரயிலில் வரும்போது செய்தித்தாளில் கண்ட ஒரு கவிதையைக் கத்தரித்து வைத்திருந்து, நல்ல மேய்ப்பனைப் பற்றிய பிரசங்கம் முடிந்ததும் ஆர்மோனியத்தில் அமர்ந்து மேடையிலேயே மெட்டுக் கட்டிப் பாடினார்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறத்தி வந்து குறி சொல்லும் நாடகத்தைக் கையில் எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கோயில் தெய்வத்தின் உலாவுக்கு என்று இருந்த வடிவம், சரபோஜி காலத்துத் தஞ்சையில் எல்லார் காதுக்கும் பழகிய வடிவம். சுவிசேஷத்துக்கு அது ஆகுமா என்று அவர் தயங்கவில்லை. நோவாவின் கப்பலையும் கதையாகவே பாடினார். கதாகாலட்சேபம் சபைக்குள் புழங்கியது அந்த வழியில்தான். கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமோ முழுக்க முழுக்க உருவகக் கதை, விருத்தத்தில். பிறகு கிராமத்துப் பக்கம் இருந்து ஒருவர் வந்தார்: மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டியவர். கர்நாடக ராகமும் ஆர்கனும்தான் ஆலயத்துக்கு அழகு என்ற எண்ணத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். வில்லுப்பாட்டு, கும்மி, அம்மானை, தெம்மாங்கு என்று கதை சுமக்கும் வடிவங்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. நாலு கிட்டார் கார்டில் அடங்குகிற வடிவம் ஒன்றைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரியாததுபோல் நடந்துகொள்வதுதான் எனக்கு எரிச்சல்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். 'கதையில் துதி இல்லையே, அது எப்படி ஆராதனை ஆகும்?' கடைசி இராப்போஜனம் முடிந்து அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார்கள். யூதர்கள் பஸ்காவில் பாடுவது 113 முதல் 118 வரையான சங்கீதங்களை. அதில் 114ஐத் திறந்து பாருங்கள். எகிப்திலிருந்து புறப்பட்டது, கடல் விலகி ஓடியது, மலைகள் ஆட்டுக்கடாக்களைப்போல் துள்ளியது என்று முழுக்கக் கதை. எட்டு வசனத்தில் 'நான்' என்ற சொல் ஒருமுறைகூட இல்லை.

'சபைக்கு நீளமான பாட்டு வராது' என்பது இரண்டாவது சாக்கு. நீளமான பாட்டைச் சபை முழுவதும் பாட வேண்டும் என்று யார் சொன்னது? கதையை ஒருவர் அல்லது இருவர் பாடட்டும். சபை பல்லவியை வாங்கிக்கொள்ளட்டும். பின்பாட்டு என்பது நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயமா? ப்ரொஜெக்டரில் பல்லவியை மட்டும் போட்டால் போதும். ஒன்றுக்கு மூன்று முறை பாடிக்கொண்டிருக்கிற கோரஸில் ஒரு சுற்றைக் குறைத்தால் நேரமும் கிடைக்கும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. உவமை முழுதாக வந்தால் கொஞ்சம் குத்தும். இளைய மகன் திரும்பி வந்ததைப் பாடுவோம். வயலில் இருந்து வந்து, உள்ளே கீதவாத்தியமும் நடனமும் கேட்டு, வாசலிலேயே கோபத்தோடு நின்றுவிட்ட மூத்தவனைப் பாடமாட்டோம். வாரம் தவறாமல் ஆலயத்துக்கு வருகிற நாம் யார் சாயலில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுமே! நல்ல சமாரியன் கதையும் அப்படித்தான். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவினவன், யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். நியாயசாஸ்திரியிடம் 'இந்த மூன்றுபேரில் எவன் பிறனாயிருந்தான்', அதாவது எவன் அயலானாக நடந்துகொண்டான், என்று இயேசு கேட்கிறார். 'சமாரியன்' என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. 'அவனுக்கு இரக்கஞ்செய்தவனே' என்று சுற்றி வளைத்துச் சொல்கிறான். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் உள்ள நாட்டில் இந்தக் கதையை ஓய்வுநாள் பள்ளியோடு மூட்டை கட்டி வைத்திருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இதை ஒரு பாட்டாகக் கட்டுங்கள். கடைசிக் கேள்வியைச் சோலோக் குரல் பாடட்டும், பதிலைச் சபை பாட வேண்டும். எந்தச் சொல்லைச் சபையின் வாயில் வைக்கப் போகிறீர்கள்? அந்த ஒரு வரிக்காக நீங்கள் தூக்கம் கெட்டால் அது நல்ல பாட்டாக வரும்.

எழுத உட்காருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். உவமைக்குப் பொழிப்புரை எழுதாதீர்கள். 'தகப்பன் என்றால் தேவன், கன்று என்றால்...' என்று நாலாம் சரணத்தில் விளக்கம் வைக்கும் பழக்கம் நமக்கு நிறையவே உண்டு. விதைக்கிறவன், களைகள் போன்ற சிலவற்றைத்தான் இயேசு விளக்கினார், அதுவும் சீஷர்கள் கேட்டபோது. மற்றவற்றைச் சொன்னபடியே விட்டார். மூத்த மகன் கடைசியில் உள்ளே போனானா, இல்லையா? லூக்கா சொல்லவில்லை. தகப்பன் வாசலில் நின்று பேசுவதோடு அதிகாரம் முடிந்துபோகிறது. உங்கள் பாட்டும் அங்கேதான் முடிய வேண்டும். நிறைவாக இருக்கட்டும் என்று மூத்தவனையும் உள்ளே அழைத்துப் போய் ஒரு அல்லேலூயா போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் சுரத்தில் தொங்கவிட்டு ஆர்கன் நிற்கட்டும். சபைக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

முதலில் எதைத் தொடுவது என்று கேட்டால், மாற்கு 4:26 முதல் 29 வரை. நான்கே வசனம். விதைத்தவன் தூங்குகிறான், எழுந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாமலே பயிர் முளைக்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இந்தக் கதை இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு ஆண்டாண்டாய் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிற சபைகளுக்கு இதைத் தெம்மாங்கில் கொடுங்கள். முளை, கதிர், கதிரில் நிறைந்த தானியம் என்று மாற்குவே அடி பிரித்து வைத்திருக்கிறார். அது கைக்குப் பழகியதும் லூக்கா 18இன் விதவைக்குப் போங்கள். அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலில் நின்று அவள் கேட்பது ஒரே வரிதான், 'எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்.' அதைப் பல்லவியாக வைத்தால் அந்தப் பாட்டை ஆலயத்துக்கு வெளியேயும் பாடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டுகளைப் பாடுகிற ஒருவன்

பி.கு.: எதைக் கட்டினாலும் மெட்டு நடு சி-யில் இருந்து மேல் டி-க்குள் இருக்கட்டும். ஸ்டூடியோவில் தனிப்பாடகருக்குப் பொருந்திய சுருதியை அப்படியே சபைக்கு இறக்குகிறீர்கள். மேலே எட்டாமல் ஆண்களில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறோம்.